எங்கள் வீட்டுக் கைப்பேச்சு

எங்கள் வீட்டு அழைப்பு மணி அடிக்காது, எரியும். வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால் கூடத்து விளக்கும் படுக்கையறை விளக்கும் விட்டுவிட்டு மின்னும். மகள் நஸ்ரினுக்குக் காது கேட்காது என்று கைக்குழந்தையிலேயே தெரிந்ததும், இந்த ஸ்வீடன் நாட்டில், கோத்தன்பர்க் நகரத்தில், ஒரு ஆள் வந்து இதை மாட்டிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போனார். கள்ளக்குறிச்சியிலிருந்து யாராவது வந்து பார்த்தால், "இன்னாப்பா, ஒயர்ல எதுனா கோளாறா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கும் முதலில் அந்தப் பயம் இருந்தது. இப்போது விளக்கு மின்னினால் நஸ்ரின்தான் கதவைத் திறக்க ஓடுகிறாள்.

அவளுக்கு ஏன் கேட்கவில்லை என்று பார்க்க மரபணு மருத்துவர் எங்களை அழைத்திருந்தார். நல்ல பெண்மணி. ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்தார். என் பக்கம் ஒரு கிளை, மனைவி ஷமீமா பக்கம் ஒரு கிளை. ஷமீமாவின் அம்மா யார் என்றார். என் அப்பாவின் தங்கை என்றேன். பேனா நின்றது. "மன்னிக்கவும், நான் உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்டேன்." நானும் அவளைப் பற்றித்தான் சொல்கிறேன் என்றேன். "அவர் உங்கள் மனைவியா, உறவினரா?" இரண்டும்தான் என்றேன். மாமி மகளை, அதாவது அத்தை மகளைக் கட்டுவது எங்கள் பக்கம் சாதாரணம்; அந்த அறையில் அதை விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. குடும்பத்தில் வேறு யாருக்காவது காது கேட்காதா என்று கேட்டார். யூசுப் சின்னத்தாவைச் சொன்னேன். என் அத்தாவின் தம்பி, ஷமீமாவுக்குத் தாய்மாமன். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு இப்படி ஆகலாம், இதில் யார் மேலும் தப்பில்லை என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். டிராமில் வரும்போது ஷமீமா கேட்டாள். "அப்ப நம்ம கல்யாணமே தப்பாங்க?"

அன்று ஊருக்குப் போன் போட்டோம். அம்மா அழுதார், மாமி அழுதார், அத்தாவும் அழுதார். சின்னத்தா என்ன செய்தார் தெரியுமா? அத்தா விஷயத்தைக் கையால் சொல்லி முடித்ததும், கடையை விட்டு இறங்கிப் போய் லட்டு வாங்கி வந்து, வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். ஏன்டா என்று அத்தா கேட்டதற்கு, "என்ன மாதிரி ஒண்ணு வந்துச்சே" என்றாராம். மாமி சொல்லி ஷமீமாவுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், வீடு இரண்டாகிவிட்டது. "எம்புள்ளைக்குக் காது கேக்கலன்னு லட்டு குடுக்கறாரா? மனுசந்தானா அவரு? நம்ம ஊர்ல அவரு பேரு யாருக்குனா தெரியுமா? ஊமையன் கடைன்னுதான சொல்றாங்க. எம்பொண்ணுக்கும் அந்தப் பேரா வரணும்?" அன்றிலிருந்து வீடியோவில் அவர் முகம் வந்தால் போனை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போவாள். பிள்ளையை அவருக்குக் காட்டவே இல்லை. அவரோ ஒவ்வொரு முறையும் பிள்ளை எங்கே என்று கேட்பார். தூங்குகிறாள் என்று நானும் எத்தனை தடவைதான் சொல்வது?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் பாத்திரக்கடை. நாளெல்லாம் எவர்சில்வர் சத்தம். தலைவலி எங்களுக்குத்தான், சின்னத்தாவுக்கு இல்லை. பிறவியிலேயே அவருக்குக் கேட்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தாதா, அதாவது அத்தாவின் அத்தா, வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். யூசுப் இருக்கும் இடத்தில் யாரும் வாயால் மட்டும் பேசக்கூடாது. கையும் கூடவே பேச வேண்டும். "அவனுக்குத் தெரியாத பேச்சு இந்த வூட்ல இன்னாத்துக்கு?" என்பார். சாப்பிடும்போது வலது கை சோற்றில் இருக்கும். இடது கையால் கதை பேசுவோம், சண்டை போடுவோம். அதனாலேயே எங்கள் கைப்பேச்சு முக்கால்வாசி ஒற்றைக் கையில் முடிந்துவிடும். விரல்களை நெளித்துக் கீழே இறக்கினால் கரியாலூர், அங்கே அருவி விழுகிறதே. கரும்பைக் கடித்து இழுப்பதுபோல் காட்டினால் கச்சிராயபாளையம், அங்கே சர்க்கரை ஆலை. மூக்கைப் பொத்தினால் சென்னை. கரியாலூர் மலையிலிருந்து கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க இறங்கி வரும் சனம் சின்னத்தாவைத்தான் தேடும். விலையைக் கம்மி பண்ணச் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அண்டா மேல் சாய்வார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். ஷமீமாவும் அந்தக் கடையில் விளையாடி வளர்ந்தவள்தான். அவர் மடியில் உட்கார்ந்து கை பேசியவள். அதனால்தான் கோபமும் ஜாஸ்தி.

இதில் ஒரு வேடிக்கை. நஸ்ரினுக்குக் கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் இருவர் கையும் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. யாரும் முடிவெடுக்கவில்லை. சின்னத்தாவைத் திட்டுவதைக்கூட ஷமீமா கையால்தான் திட்டினாள், அதுவும் அவரிடமே கற்ற திட்டு. பிறகு நஸ்ரினுக்குக் காதில் கருவி பொருத்தினார்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வருகிறது. சைகை மொழி சொல்லித்தரும் பள்ளியிலும் சேர்க்கச் சொன்னார்கள். அங்கே லேனா என்ற ஆசிரியை, அவருக்கும் காது கேட்காது, நஸ்ரினோடு தரையில் உட்கார்ந்து பொம்மைகளை வைத்து விளையாடினார். நஸ்ரின் பால் கேட்டாள், பொம்மை சேட்டை பண்ணுகிறது என்று புகார் சொன்னாள், மழை வருமா என்று விசாரித்தாள். லேனா மொழிபெயர்ப்பாளர் வழியாக எங்களைக் கேட்டார்: "சைகை எங்கே படித்தீர்கள்?"

"கடையில்" என்றேன்.

"கடையில் வகுப்பு நடத்துகிறார்களா?"

"இல்லை, பாத்திரக்கடை."

மொழிபெயர்ப்பவருக்கு என் ஸ்வீடிஷ் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளை ஏன் ஒரு கையாலேயே பேசுகிறாள் என்று அடுத்த கேள்வி. மறு கை சோற்றில் இருக்கும் என்றேன். எல்லாவற்றையும் விளக்கி முடித்தபோது லேனா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "காது கேட்கிற பெற்றோரின் பிள்ளைகள் பல பேர் எந்த மொழியும் இல்லாமல்தான் இங்கே வருகிறார்கள். கேட்காமல் இருப்பதைவிட எனக்கு அதுதான் கவலை. உங்கள் மகள் மொழியோடு வந்திருக்கிறாள். கொடுத்தவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

ஷமீமா அங்கேயே உடைந்து அழுதாள். கேட்காத காது எங்கள் ரத்தத்தில் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் பேசுகிற கை ரத்தத்தில் வரவில்லை. தாதா பிடிவாதமாகப் போட்ட சட்டத்தில் வந்தது. வாய் மட்டும் பேசும் வேறொரு வீட்டில் பிறந்திருந்தால், அதே காதுகளோடு சின்னத்தா ஒரு மூலையில் உட்கார்ந்து வயதாகியிருப்பார். இந்த நாட்டுக்கு வந்திருக்காவிட்டால் நஸ்ரினுக்கு லேனா கிடைத்திருக்கமாட்டார். இரண்டு பக்கமும் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். அல்லாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், நடுவில் நின்ற மனிதர்களுக்கும். அன்று டிராமில் ஷமீமா சொன்னாள். "பாவங்க, மாமாவுக்குன்னு காது கேக்காத தொணை ஒண்ணுகூட இருந்ததில்ல. அதான் லட்டு குடுத்திருக்காரு."

போன மாதம் பள்ளியில் பெற்றோருக்கு ஃபீகா வைத்தார்கள். காப்பியும் ஏலக்காய் ரொட்டியுமாக உட்கார்ந்து பேசுவதற்கு இங்கே ஃபீகா என்று பெயர். கூடம் நிறையப் பிள்ளைகள், எல்லாக் கையும் பேசிக்கொண்டிருந்தது. ஷமீமா லேனாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு என் போனைப் பிடுங்கினாள். அவளாகவே யூசுப் சின்னத்தாவுக்கு வீடியோ போட்டாள். கடையில் இருந்தார். முதலில் நஸ்ரினைக் காட்டினாள். பிறகு போனை மெதுவாகக் கூடம் முழுக்கச் சுற்றிக் காட்டினாள்.

சின்னத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். பின்னால் ஒருவர் குடத்தை வைத்துக்கொண்டு விலை கேட்டார். இரு என்று கையைக் காட்டினார். வெள்ளைப் பிள்ளைகள், கறுப்புப் பிள்ளைகள், தலையில் முக்காடு போட்ட ஒரு சிறுமி, எல்லாரும் கையால் பேசிச் சிரிக்கிறார்கள். நரைத்த வயதுவரை அவரோடு அப்படிப் பேசியவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டுமே. வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு கையைத் தூக்கிக் கேட்டார்:

"அத்தினி பேரும் நம்ம வூட்டுப் புள்ளைங்களா?"

ஷமீமா போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் பதில் சொன்னாள்.

"ஆமா மாமா. எல்லாம் நம்ம வூட்டுப் புள்ளைங்கதான்."