இரண்டு பேரையும் தரைக்குக் கொண்டு வா, ரப்பே

என் மகள் வானத்தில் அழுத சத்தத்தை வாக்கி டாக்கியில் கேட்ட தகப்பன் நான். அன்று அல்லாஹ் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வளைகுடாவில் விமான நிலைய வேலையை விட்டுவந்து, சாயல்குடிப் பக்கம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே முதல் பாடம் மோட்டார் கிளைடரில். இருவர் அருகருகே உட்காரும் அந்தச் சிறு விமானம், எஞ்சினை அணைத்தாலும் நீண்ட இறக்கைகளால் மிதந்தே இறங்கும். எடை குறைவு என்பதால் தரையில் காற்று புரட்டிவிடும். இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டே கூட நடப்பது என் வேலை. என் மகள் ஷிஃபானா அங்கேயே படித்தாள். சொல்லிக் கொடுத்தவர் பரமக்குடி சேதுராமன் சார். தாயில்லாப் பிள்ளை என்று அவள்மேல் தனிப் பிரியம் அவருக்கு.

போன ஆடி மாதம் ஒரு காலை. இருவரும் மேலே போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். வாக்கி டாக்கி அலறியது.

"அத்தா! சார் என் மேல சாஞ்சுட்டாரு. கூப்பிட்டாப் பேசமாட்டேங்கிறாரு!"

அவள் அதுவரை தனியாக இறக்கியதே இல்லை. "அத்தா இங்கனதான் நிக்கிறேன் தாயி. சார் சொன்ன மாதிரியே இறக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

செம்மண்ணில் நெற்றி பதித்து ஸஜ்தாவில் விழுந்தேன். "ரப்பே, ரெண்டு பேரையும் தரைக்குக் கொண்டு வா."

முதல் தடவை உயரம் கூடிப்போய், இறங்காமலே ஓடுபாதையைக் கடந்து போனாள். கடல் பக்கம் திரும்பியது விமானம். போச்சு என்றே நினைத்தேன். மறுபடி வந்தாள். சக்கரம் தரையில் மோதி எகிறியது, மீண்டும் பதிந்தது, ஓடி நின்றது. நின்றதுமே காற்று ஒரு பக்க இறக்கையைத் தூக்கியது. ஓடிப்போய் அதில் தொங்கினேன். மற்றவர்கள் வந்து பிடிக்கும்வரை விடவில்லை. பிறகு அவளை வெளியே தூக்கப் போனேன்.

"என்னைய விடுங்கத்தா, சாரப் பாருங்க!"

சார் தலை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், மாரடைப்பு, வரும் முன்பே உயிர் போய்விட்டது என்றார்கள்.

நான் கேட்டபடியே இருவரும் தரைக்கு வந்தார்கள். என் பிள்ளை மூச்சோடு வந்தாள். அவர் அப்படி வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அவனுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

ஷிஃபானா பல மாதம் விமானத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் சாரின் மனைவி வீடு தேடி வந்தார். அவள் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவரக் கடல்ல விடாம எங்கிட்ட கொண்டாந்து சேத்தியே தாயி. முகத்தப் பாத்து அனுப்புனேன். அது போதும். நீ பறக்கணும்."

இப்போது பறக்கிறாள். அவள் இறங்கும்வரை என் உதடு ஓய்வதில்லை. முன்பெல்லாம் நேரம் கிடைத்தால் தொழுவேன். இப்போது ஐந்து வேளையில் ஒரு வக்தும் விடுவதில்லை. ஒவ்வொரு துஆவிலும் சாரின் வீட்டாருக்காகவும் கையேந்துகிறேன்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதரர்களே, அவனிடம் கேளுங்கள். கண்ணீரோடுதான் தருவான் என்றாலும் கேளுங்கள். நான் அழுதுகொண்டேதான் நன்றி சொல்கிறேன். அதையும் அவன் ஏற்றுக்கொள்கிறான்.