சத்தம் மாஃபி

வாடிக்கையாளரை நடக்கச் சொல்லிவிட்டுக் கிறிஸ்துதாஸ் கண்களை மூடிக்கொள்கிறார். துபாயின் தேராவில் வேட்டைச் சாமான் விற்கும் அந்தக் கடையின் நடுவே ஒரு நீளமான இரும்புத் தட்டு. அதில் பாதி சரளை, பாதி காய்ந்த இலை, இடையிடையே நொறுக்கிய அப்பளம். புது பூட்ஸோடு அதன்மேல் ஏறியவர் நான்காம் அடி வைப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "இடது கால்ல கொக்கி உரசுது. வேற எடுப்போம்."

எது தேறுகிறதோ அதற்கு ஒரே பட்டம்: "சத்தம் மாஃபி." இல்லை என்பதற்கான அரபுச் சொல்லைத் தமிழோடு அவரே ஒட்டியது. இப்போது அரபிகளும் உள்ளே நுழையும்போதே சத்தம் மாஃபி இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

வில்லோடு போகிறவன் மானுக்கு முப்பது மீட்டருக்குள் போயாக வேண்டும். வேட்டைப் பருவத் தொடக்கத்தில் வெயிலும் தணிந்திருக்காது. பூட்ஸ் கனக்கக் கூடாது, காற்றுப் புக வேண்டும். அதற்குமேல் அவர் சொல்வது இது: "அடி மெலிசா இருக்கணும், சுள்ளி ஒடியுறதுக்கு முன்னால காலுக்குத் தெரியணும். ஆனா கணுக்கால் ஆடப்படாது." இவை இரண்டும் ஒரே பூட்ஸில் சேர்வது அரிது. அந்த முரண்பாட்டை எண்ணி யாரும் மலைப்பதற்குள் கிறிஸ்துதாஸ் ஏணியை எடுத்துவிடுவார்.

இவ்வளவு சொல்பவர் காட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஊர் முட்டம்; கடலும் பாறையும்தான். கடையில் போட்டிருப்பது ரப்பர் செருப்பு. அது அடிக்கும் பட்பட்டை வைத்தே அவர் எந்த அலமாரியருகே இருக்கிறார் என்று கல்லாவில் இருக்கும் கடையநல்லூர் முகம்மது ஆசிக் சொல்லிவிடுவான்.

போன மாதம் சாலிம் வந்தார். பல வருடமாக இவரிடமே பூட்ஸ் வாங்குகிறவர். செப்டம்பர்தோறும் அனுமதிச் சீட்டோடு பல்கேரிய மலைக்காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறவர். சென்ற முறை துணைக்குப் போன மைத்துனர் ஒரு சுள்ளியை மிதித்ததில் மான் மலையையே தாண்டிவிட்டதாம். இந்த முறை நீ வா, என் பின்னால் நட என்றார். விசாவும் வந்துவிட்டது. அன்று கிறிஸ்துதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. பூட்ஸ் கேட்ட இரண்டு பேருக்குக் கூடாரத்தைக் காட்டினார்.

பிறகுதான் தொல்லை. முன்பு ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தபோது பிசகிய இடது கணுக்கால் இன்னும் உறுதிப்படவில்லை. கெட்டியான பூட்ஸ் அதைப் பிடித்தது, சரளையில் கரகரத்தது. மெலிசானது சத்தமில்லாமல் போனது, கணுக்கால் மடங்கியது. பிறருக்குப் பத்து நிமிடத்தில் தேர்ந்து கொடுப்பவர் தனக்கு நான்கு நாளாகத் தேடினார். மூன்று வாரம் பழகாத பூட்ஸோடு காட்டுக்குப் போகக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். பயணத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது.

"அண்ணாச்சி, பேசாம வெறுங்காலோட போயிருங்க" என்றான் ஆசிக்.

கிறிஸ்துதாஸ் சிரிக்கவில்லை. "மக்கா, மான் போனா சாலிமுக்கு வேற மான் கிடைக்கும். என் கால் சத்தத்துல போச்சுன்னா, பதினோரு வருசமா இங்க நின்னு நான் பேசுனது என்ன பேச்சு?"

ஆசிக் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தான்.

மேல் அலமாரியில் மூன்று வருடமாக யாரும் தொடாத ஒரு ஜோடி கிடந்தது. அழுகிய வாழைப்பழ நிறம். மெலிந்த அடி, துணி மேல்பாகம், உயரமான ஆனால் தொளதொளத்த கழுத்து. பாதத்தின்மேல் கயிற்றைத் தளர விட்டார். கணுக்கால் மடியும் இடத்தில் வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டு, அதற்கு மேலே இறுக்கினார். பாதம் தளர்வாக இருக்க, கணுக்கால் மட்டும் பிடிபட்டது. தட்டில் நடந்தார். அப்பளம்கூட வாய் திறக்கவில்லை.

ஆசிக் கைதட்டினான். அவர் மறுப்பாகத் தலையசைத்தார். இது நான் நிரப்பின தட்டு, எந்த இலை எங்கே கிடக்குதுன்னு என் காலுக்கே தெரியும் என்றார்.

கடைக்குப் பின்னால் சரளை கொட்டிய பார்க்கிங். பிக்கப் வண்டியின் நிழலில் ஒரு மஞ்சள் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மீன் துண்டோடு போன ஆசிக்கையே பத்தடி தூரத்தில் உணர்ந்து காலையில் இரண்டு முறை ஓடிய பூனை. கிறிஸ்துதாஸ் அதைப் பார்த்தார். நடக்கத் தொடங்கினார்.

இருபது அடி தூரத்துக்கு ஆறு நிமிடம். பாதத்தின் வெளி ஓரம் முதலில், பிறகு மெல்ல முழுப் பாதமும். பாதி வழியில் பூனையின் காது ஒருமுறை திரும்பியது. வலது காலைத் தூக்கியபடியே கொக்காக நின்றார். இடது கணுக்கால் ஆடவில்லை. பின்வாசலில் ஆசிக் தன் அடையாள அட்டையின் நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

காது தாழ்ந்தது. கடைசி அடியும் வைத்து, பூனைக்குப் பக்கத்தில் குந்தினார். அதன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கன்னங்கள் உப்ப, பொங்கி வந்த சிரிப்பை அவர் வாய்க்குள் பிடித்து வைத்திருந்தார். அப்போது சரக்கு லாரி ஒன்று பார்க்கிங்குக்குள் திரும்பியது. வழியில் குந்தியிருக்கும் ஆளைப் பார்த்து ஓட்டுநரின் கை ஹாரனுக்குப் போனது.

கிறிஸ்துதாஸ் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெரிய லாரியை நோக்கி, உதட்டில் விரலை வைத்தார்.