சீப்புக்கு வளைந்த தண்ணீர்

கையால் தொடாமலே ஒருவர் குழாய்த் தண்ணீரை வளைத்துக் காட்டினால், அவர் அடுத்துச் சொல்வதை நம்புவீர்களா, மாட்டீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அக்கா, தங்கை இருவரில் தங்கை நம்பிவிட்டாள். தண்ணி வைத்தியர் என்று தெருவே அழைக்கும் மனிதர், கம்பளித் துணியில் தேய்த்த பிளாஸ்டிக் குச்சி ஒன்றை நீட்டினார். ஒழுகிய தண்ணீர் அவர் பக்கம் சாய்ந்தது. "தண்ணியே என் பேச்சைக் கேக்குது, உன் வலிப்பு கேக்காதா? மாத்திரையை நிறுத்தும்மா" என்றார். நான்கு வருடமாக வலிப்பை அடக்கி வைத்திருந்த மாத்திரை அன்றோடு நின்றது. ஒன்பதாம் நாள் காலை வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தாள். அடுப்பு பற்றவைக்கும் முன் விழுந்ததால் பிழைத்தாள்.

அன்று மாலை மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்த அக்கா, வீங்கிய கால்களோடு தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு வேலை பிளாஸ்டிக் கவர் பட்டறையில். கவர் சுருளைப் பிரிக்கும்போது கை முடி எழுந்து நிற்கும், காகிதத் துண்டுகள் பறந்து வந்து ஒட்டும், இரும்பைத் தொட்டால் சுரீரென்று அடிக்கும். அங்கே அவளுக்குப் பெயரே ஷாக் அக்கா.

"இதுக்கா மாத்திரையை விட்ட? எந்திரிடி."

குழாயை நூல் போல ஒழுகவிட்டாள். பிளாஸ்டிக் சீப்பால் தன் தலையைப் பரபரவென்று வாரி, தண்ணீரருகே நீட்டினாள். தண்ணீர் அசையவில்லை.

தங்கை சிரித்தாள். "பாத்தியா? உனக்குக் கட்டுப்படல."

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்தவளுக்கு வீட்ல எதுதான்டி கட்டுப்படுது?"

மறுபடியும் வாரினாள். சீப்பு பிசுபிசுத்தது. அப்போதுதான் உறைத்தது: தலை முழுக்க எண்ணெய், எண்ணெய்க்கு மேல் வேர்வை. மழைநாளில் பட்டறைச் சுருள்கூட இப்படித்தான் மக்கர் செய்யும். ஈரம் இருந்தால் தேய்ப்பில் பிறக்கும் மின்சாரம் தங்காது. தங்கையோ காலையில் விழுந்து எழுந்தபின் தலைக்குக் குளித்திருந்தாள். முடி காய்ந்து பறந்தது.

சீப்பைத் துடைத்து அவள் கையிலேயே கொடுத்தாள். "உன் தலையை வாரு. நீயே நீட்டு. தண்ணில படாம."

தங்கை வாரினாள், நீட்டினாள். தண்ணீர் இடுப்பை வளைத்துக்கொண்டு சீப்பின் பக்கம் வந்தது.

சிரிப்பு நின்றது. "அப்ப... அவரு?"

"உன் சீப்புக்கு வைத்தியம் தெரியுமா? தெரிஞ்சா அதுகிட்டயே காட்டிக்க."

தங்கை குழாயை மூடினாள். "ஆஸ்பத்திரில எந்த டாக்டரும் என் மூஞ்சியைக்கூடப் பாத்ததில்லக்கா. இவரு பத்து நிமிசம் கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டாரு."

ஏமாற்றுகிறவன் தரும் பத்து நிமிடத்தை, ஏமாற்றாதவர்கள் ஏன் தருவதில்லை? அந்தக் கோபத்தைச் சுமக்கவும் அக்காவுக்குத் தெம்பில்லை. பழைய மருந்துச்சீட்டைத் தேடி எடுத்தாள், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள்.

"வா, போவோம். இன்னைக்கு அந்த டாக்டர் உன் மூஞ்சியைப் பாக்காம நான் நகரமாட்டேன்."

மருத்துவர் மாத்திரையை அன்றே தொடங்கச் சொன்னார். வைத்தியர் வாசலில் வரிசை மட்டும் இன்னும் குறையவில்லை. அதில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது நின்றால், திட்டாதீர்கள். காய்ந்த முடியும் ஒரு சீப்பும் போதும். அவர் கையாலேயே தண்ணீரை வளைக்க வையுங்கள். பிறகு மருத்துவமனைக்குக் கூடவே போங்கள்.