ஏட்டு எடுத்து வந்த பார்சல்

முழங்கால் வலி தாங்காமல், அந்தமான் பத்துபஸ்தியில் இருக்கும் தையற்காரி காவேரி ஆன்லைனில் மாத்திரைக்குச் சொல்லிவிட்டாள். அதில் பேசிய 'டாக்டர்' பெயரும் முகவரியும் கேட்டதோடு சரி. மெயின்லேண்ட் பார்சல் எதுவானாலும் தெருவுக்கே எடுத்து வருபவர் பக்கத்து வீட்டு ஏட்டு வினோத்குமார். பழக்கதோஷத்தில் இதையும் எடுத்து வர அவரிடமே சொல்லியிருந்தாள்.

பார்சலோடு வந்த வினோத்குமார் அதை நீட்டவில்லை. "அக்கா, மேலேயே டிராமடால்னு ஒட்டியிருக்கு. போதைச் சட்டத்துல வர்ற மருந்து, ஆன்லைன்ல எழுதவே கூடாது. கையெழுத்துப் போட்டு வாங்கினா கேஸ்தான். வலி ரொம்பவா?"

கேஸ் என்றதும் காவேரி துள்ளி எழுந்தாள்.

"வலியா? எனக்கா? அரே பாய், இங்க பாரு!" என்று மாடிப்படிகளைத் தாவித் தாவி ஏறினாள்.

"சரி, பிரிக்காம திருப்பி அனுப்பிடறேன். நாளைக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அதான் வலியே இல்லையேப்பா!"

"அப்ப இறங்கி வாங்கக்கா."

காவேரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "காலைல எத்தனை மணிக்குப்பா?" என்றாள்.