செல்லாயியின் சுருட்டை முடியும் என் கத்தரிக்கோலும்

காலை ஏழே கால் மணிக்கு என் மனைவி செல்லாயியின் கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கல்யாணம். எட்டு மணி பஸ்ஸை விட்டால் மலையிலிருந்து இறங்க அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, சீப்புப் பிடிக்க மாட்டேங்குது" என்றாள்.

நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அந்தத் தலைக்குள்ள போறதுக்கு சீப்பே பயப்படுது" என்றேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது.

மலைமேல் நாங்கள் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து (இங்கே நாடு என்றால் பல ஊர்கள் சேர்ந்த பகுதி) ஆம்புலன்சில் மலையிறங்கி நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நேரத்துக்குப் போட முடிந்தது. உயிர் பிழைத்தாள். வலது கையும் பேச்சும் போயிருந்தன.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருக்கலாம். மருந்து, உடற்பயிற்சி, படுக்கைப்புண் பற்றியெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லித் தருவார்கள். தலைமுடியைப் பற்றி எவரும் சொல்வதில்லை. நான் அதில் செய்த தவறைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

செல்லாயிக்கு வந்தது பேச்சிழப்பு (சொல்ல நினைப்பது உள்ளே இருந்தும் வாய்க்கு வராத நிலை). அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'ஆமா'. பசிக்கும் ஆமா, வலிக்கும் ஆமா, கோபத்துக்கும் ஆமா. டாக்டர் ஒரு பேனாவைக் காட்டி, "இது பேனாவாம்மா?" என்றார். ஆமா. அதே பேனாவைக் காட்டி, "இது சீப்பாம்மா?" என்றார். ஆமா.

பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, இனிமே எதையும் ரெண்டு விதமாக் கேளுங்க. தண்ணி வேணுமான்னு கேட்டா, தண்ணி வேண்டாமான்னும் கேளுங்க. ரெண்டுக்கும் ஆமான்னா அது பதில் இல்ல. அப்ப கையப் பாருங்க, முகத்தப் பாருங்க" என்றார்.

நான் படித்தவன். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

செல்லாயி இந்த மலையில் பிறந்தவள், நான் அடிவாரத்துக்காரன். கல்யாணமான புதிதில், "மலைக்கு வர எழுபது வளைவு, இவ தலையில அதுக்கு மேல இருக்கும்" என்று உறவினர் நடுவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நாற்பது வருடம் அதையே சொல்லிவந்தேன். எங்கள் மகள் கவிதாவுக்கும் அதே முடி. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியதும் சேலத்தில் ஒரு பார்லருக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். "இப்பத்தான் தல மாதிரி இருக்குது" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லாயி தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பின்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஈரத்தலையில் விரல்களை விட்டு என்னவோ செய்வாள். என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தேவனூர் நாடு வரை ஒவ்வொரு வயலையும் சங்கிலி போட்டு அளந்தவனுக்கு, மனைவி தலை சீவுவதைப் பார்க்க நேரமில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்ததில் பின்னந்தலை முடி கம்பளி போல் ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் பையில் இருந்த சின்னப் பல் சீப்பை எடுத்தேன். காய்ந்த முடியில், உச்சியில் வைத்துக் கீழே இழுத்தேன். சீப்பு இரண்டு அங்குலம் போய் நின்றது. இன்னும் அழுத்தினேன். அவள் தலை சீப்போடு சேர்ந்து பின்னால் வந்தது.

ஒரு வாரம் தினமும் இதுதான். இரண்டு சீப்பு உடைந்தது. ஷாம்பூ போட்டால் சிக்குப் போகும் என்று தினமும் போட்டேன், முடி நார் மாதிரி ஆயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் அரப்புத் தூளைப் போட்டேன், இன்னும் வறண்டது. துண்டால் பரபரவென்று துவட்டினேன், சிக்கு இரண்டு மடங்காயிற்று. அவளுக்குச் சோறூட்டினேன், துணி மாற்றினேன், மலம் துடைத்தேன். எதிலும் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. இந்த முடி மட்டும் என்னை வெறிபிடிக்க வைத்தது. அது வேண்டுமென்றே என்னை எதிர்ப்பதாகத் தோன்றியது.

கவிதா போனில், காய்ந்த முடியில் சீப்பு வைக்காதீர்கள், சனிக்கிழமை லீவு போட்டு வருகிறேன், அதுவரை தொடாமல் விடுங்கள் என்றாள். சரி என்றேன். வியாழக்கிழமை கத்தரிக்கோலை எடுத்தேன்.

"வெட்டிரட்டுமா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

சொல்லும்போதே அவளது இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் பலம் இருந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 'வெட்ட வேண்டாமா?' என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஆமாதான் வரும், வந்தால் வெட்ட முடியாது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வெட்டி முடித்தபோது தலை மேடும் பள்ளமுமாக இருந்தது. பார்க்கச் சகிக்காமல் என் சவரக் கத்தியால் மழித்தேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பாவாயி களி எடுத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "பெரியசாமிக்கு வேண்டிக்கிட்டேன்" என்றேன். இங்கே உயிர் பிழைத்தவர்கள் மலைச் சாமிக்கு முடி கொடுப்பது வழக்கம். கோயில் பக்கமே போகாத நான் அதைச் சொன்னதும் பாவாயி கும்பிட்டாள்.

"பொம்பளைக்குப் பூமுடி குடுத்தாப் பத்தாதுங்களா ஐயா?" என்றாள். நாலு கற்றையை மட்டும் வெட்டிக் கொடுப்பதைத்தான் பூமுடி என்பார்கள். முழுசாக வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, சந்தனத்தைக் கரைத்துச் செல்லாயியின் தலையில் பூசினேன்.

பாவாயி கட்டில் அருகே குனிந்து, "ஏக்கா, சாமிக்கா குடுத்த?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் செல்லாயி. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. பாவாயி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள், அவளும் அதையே சொன்னாள். என் பொய்க்கு என் மனைவியே தினமும் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. சனிக்கிழமை வந்த கவிதா சந்தனத் தலையைப் பார்த்தாள். "அம்மாவக் கேட்டீங்களா?" என்றாள். "ஆமான்னு சொன்னா" என்றேன். அது உண்மைதான். அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

பேச்சுப் பயிற்சி தொடங்கி மூன்றாவது மாதம் அவளுக்கு இரண்டாவது சொல் கிடைத்தது. பாவாயி வந்து உட்கார்ந்து, "பாத்தியாக்கா, சாமிக்குக் குடுத்த முடி வீண் போவுல" என்றாள்.

"இல்ல" என்றாள் செல்லாயி.

"அதானே, வீண் போவுலீங்கறேன்" என்று பாவாயி மகிழ்ந்துபோனாள்.

செல்லாயி இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். "இல்ல. இல்ல." என்னைச் சுட்டினாள். பிறகு இரண்டு விரலை நீட்டிக் கத்தரி போல் அசைத்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நடந்ததைப் பாவாயியிடம் சொன்னேன்.

"சாமி பேரச் சொல்லியா இதப் பண்ணுன, சர்வேயரு?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதுவரை என்னை ஐயா என்றுதான் அழைத்துவந்தாள்.

அன்றிலிருந்து செல்லாயி என்னைத் தலையில் கை வைக்க விடவில்லை. ஊட்டலாம், குளிப்பாட்டலாம், நடக்கத் தாங்கலாம். கை கழுத்துக்கு மேலே போனால் அவளது இடது கை எழுந்து தலையை மூடும். முடி இரண்டு விரலளவு வளர்ந்து சுருள ஆரம்பித்திருந்தது. தலையணை அழுத்தும் இடத்தில் மறுபடி சிக்கு விழுந்தது. ஒற்றைக் கையால் அவளால் எடுக்க முடியவில்லை, என்னைத் தொடவும் விடவில்லை. மீண்டும் கம்பளியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை வெட்டினால் இந்த வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்திருப்பதற்கு அர்த்தமில்லை.

காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி நூர்ஜஹான் அம்மாள் நடத்தும் பேன்சி ஸ்டோருக்குப் போனேன். சுருட்டை முடிக்குச் சீப்பு வேண்டும் என்றேன். இப்போது எதில் சீவுகிறீர்கள் என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"இதயா வெச்சீங்க? பேன் பாக்கற சீப்பு மாதிரி இருக்குது. அந்தம்மா உங்களக் கடிக்காம விட்டாங்களே."

தன் மகளுக்கும் அதே முடி என்று சொல்லி, முழுவதையும் பொறுமையாக விளக்கினார். கடைசியில், "ஊட்ல சணல் இருக்குதுங்களா? பிரிச்சு நனைச்சு அதுல பழகுங்க. ஒரு இழை அறுந்தாலும் அவங்க தலையத் தொடாதீங்க" என்றார்.

மிளகு மூட்டை கட்டிய சணலைப் பிரித்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். செல்லாயி கட்டிலில் இருந்து பார்த்தாள். முதல் நாள் கொத்தாக அறுந்து வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. எழுபத்தொரு வயதில் ஒரு சணல் கயிற்றிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சீப்பை எறிந்துவிட்டு உட்கார்ந்தபோது அவள் சிரித்தாள். ஒரு பக்கம் மட்டும் விரிந்த சிரிப்பு. ஐந்தாம் நாள் ஓர் இழையும் அறுபடவில்லை. அன்று அவள் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை இடது கையால் என் பக்கம் தள்ளி, தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

உங்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். சுருட்டை முடி காய்ந்திருக்கும்போது சீப்பு வைக்காதீர்கள். நன்றாக நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரலால் பிரியுங்கள். பிறகு அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் வேரில் வலிக்காது. ஷாம்பூ வாரம் ஒரு முறை போதும். துண்டால் துவட்டாமல் பழைய வேட்டியால் ஒற்றி எடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட்டு, காயும்வரை தொடாதீர்கள். நான் அவள் தலையணைக்குப் பழைய பட்டுச் சேலையில் உறை தைத்தேன். முடி அதில் உராய்ந்து சிக்காது. இவ்வளவுதான். இதை அவள் ஞாயிறுதோறும் எனக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. வலது கை தோள் வரைதான் எழுகிறது. பேச்சு துண்டு துண்டாக வருகிறது. பாவாயி மறுபடி வருகிறாள், ஐயா என்பதில்லை. கவிதா இன்னும் பார்லருக்குப் போய் நேராக்கிக்கொள்கிறாள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நனைத்தால் செல்லாயியின் முடி தோளைத் தொடுகிறது. காய்ந்தால் காதுக்கு ஏறிவிடுகிறது. அளப்பதையே தொழிலாக வைத்திருந்த நான், இதில் எது அதன் நீளம் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு தலையை நனைத்தபின் சீப்பை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கேட்டேன்.

"சீவட்டுமா?"

"ஆமா."

"சீவ வேண்டாமா?"

அவள் எதிரே இருந்த கண்ணாடியில் என்னைச் சலிப்போடு பார்த்தாள். சொற்களைத் தேடி எடுத்து, "ஒருக்கா... கேட்டாப் போதுங்க" என்றாள்.

எனக்கு அது போதவில்லை. இரண்டாவது கேள்வியை மறுபடியும் கேட்டேன். "இல்ல" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்தாள். கீழ் நுனியில் சீப்பை வைத்தேன். எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் இறங்கிப் போயிற்று. நாங்கள் அப்போது முதல் கற்றையில்தான் இருந்தோம்.