நெட்டையன் அடியோடு வெட்டிய புல்

நெட்டையனுக்கு இருபத்து மூன்று நாள் கூலி பாக்கி வைத்திருந்தேன். மறந்து போகவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினேன். அவ்வளவு ஆத்திரம்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பஸ் டிப்போ சுவரோரம் ஒன்பது தொட்டியில் அழகுப் புல் வைத்து விற்க ஆரம்பித்தேன். "மாடா வளக்கப் போற?" என்று என் மைத்துனன் சிரித்தான். இன்று இந்த ஊரில் எந்தப் பெரிய கட்டடத்து வாசலில் வெள்ளிக் கதிர் ஆடினாலும் அது என் பண்ணையில் பிரித்த தூராகத்தான் இருக்கும். மைத்துனன் வீட்டு வாசலிலும் என் புல்தான். காசு வாங்கிக்கொண்டுதான் நட்டேன்.

நெட்டையன் என்னிடம் பதினாறு வருடம் வேலை பார்த்தவன். அதற்கு முன் கட்டடங்களில் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துதான் புல் வெட்டுவான். தூரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அரிவாளால் ஒரே இழுப்பு. ஒரு துரும்பு சிதறாது. அதிகம் பேச மாட்டான், பேசினால் குத்துவான். ஒருநாள் என் புதுச் சட்டையைப் பார்த்து, "மொதலாளி, கழுத்துல வெலைச் சீட்டு தொங்குதே, அது சட்டைக்கா உங்களுக்கா?" என்றான்.

இந்தப் புல் வெயில் காலத்தில் வைக்கோலாய்க் காய்ந்து நிற்கும். செத்துவிட்டது என்று விவரம் தெரியாதவன் பதறுவான். உயிர் அடியில் இருக்கும். அடியில் ஒரு சாண் விட்டு மேலே வெட்டினால், மழைக்குத் தளதளவென்று கிளம்பிவிடும்.

ஒரு வருடம் நெட்டையன் தன் யோசனையில் பத்து நாள் தள்ளி வெட்டினான். புல் நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் நான் எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "யோசிக்கறதுக்கு நான் இருக்கேன். நீ சொன்னத மட்டும் செய்!" அதன்பிறகு எதையும் சீட்டில் எழுதிக் கொடுப்பதே வழக்கமாயிற்று.

போன வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்து வாசலில் அறுபது தூர். நெட்டையனிடம் சீட்டு கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அறுபதும் மொட்டை. அடித்தூரே பிளந்து கிடக்கிறது.

"டேய், கண்ணு அவிஞ்சு போச்சா?"

"சீட்டுல அப்படித்தான் இருந்துச்சு, மொதலாளி."

சீட்டை நீட்டினான். பார்த்தேன். 'அடியை விட்டு வெட்டு' என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது.

"பொய் சொல்றியா? என்கிட்டயேவா?"

அலுவலகத்து மேலாளர் அறுபதையும் இலவசமாக மறுபடி நட வைத்தார். என் தொழிலில் அப்படி ஒரு அவமானம் பட்டதே இல்லை. நெட்டையனை வீட்டுக்குப் போகச் சொன்னேன். கூலியையும் கொடுக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து அவன் மனைவி பண்ணைக்கு வந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. மேசையில் அந்தச் சீட்டை வைத்தாள்.

"அண்ணே, இத உங்க பொண்ண விட்டுப் படிக்கச் சொல்லுங்க. நாங்க படிச்சாத்தான் தப்பாயிடுதே."

பண்ணையில் போன் எடுப்பது என் மகள்தான். உரக்கப் படித்தாள்: "அடியை வெட்டு வெட்டு."

"ஒழுங்காப் படி. விட்டு வெட்டு."

"அப்பா, 'வி'க்கு மேல வளைக்கணும். நீங்க முன்னாடி கொம்பு போட்டிருக்கீங்க. இது 'வெ'."

"ரெண்டு தடவ எழுதியிருக்காரே, அவ்ளோ அவசரம் போலன்னு நெனச்சாராம்" என்றாள் நெட்டையன் மனைவி. "அதான் கொத்தியே எடுத்துட்டாரு."

மகள் சிரிப்பை அடக்கினாள். மேசையில் இருந்த சீட்டுக் கட்டை வீசி எறிந்தேன். ஒரு வளைவும் ஒரு கொம்பும் என் அறுபது தூரைத் தின்றுவிட்டன!

அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. காலை நீட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். வேறு யாருக்கோ வேலை.

"பதினாறு வருஷம் புல் வெட்டினவன். அடிய வெட்டினா செத்துப் போகும்னு தெரியாதாடா?"

"தெரியும்."

"பின்ன ஏன் வெட்டின?"

"யோசிக்கறதுக்கு நீங்க இருக்கீங்களே, மொதலாளி."

அவனை அறைந்திருப்பேன். கை எழவில்லை. சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினேன். மேலே தொகையை எழுதி வைத்திருந்தேன். அவன் அதைத் தொடவில்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தான்.

"கவர் வேணாம். உங்க எழுத்த நான் இனிமே நம்பறதா இல்ல. வாய்விட்டு எண்ணிக் குடுங்க."

அவன் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கவரைக் கிழித்தேன். ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லி, இருபத்து மூன்று நாளுக்கும் ஒவ்வொரு தாளாக அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.