இடது முழங்காலுக்கு ரத்தம் கேட்டார்கள்

பள்ளிக்கூடம் மிதிக்காமலே எங்கள் தீவு நாட்டில், லம்பாசா ஊரில், கரும்பு லாரிகள் வாங்கி ஓட்டியவன் நான். என் வலது முழங்காலை மாற்றிய டாக்டர், வெட்டும்போதே ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகச் சுட்டு அடைத்தார். ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்றவில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர் ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்.

இடது காலுக்கு வந்த புதியவர், ரத்தம் வராமல் தொடையை இறுக்கிய பட்டையை நம்பி, குழாய்களைச் சுடாமலே அவசரமாகத் தைத்தார். பட்டையை அவிழ்த்ததும் கட்டெல்லாம் ரத்தம்.

"சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்க, ரத்தம் குடுக்கணும்" என்றாள் நர்ஸ்.

சொந்தமெல்லாம் ராணுவம் வந்தபோதே சிட்னிக்குப் போய்விட்டது. மகன் போனில், "அப்பவே எங்ககூட வந்திருக்கலாமேப்பா" என்றான்.

"ரத்தத்த போன்லயா அனுப்புவ? வைடா!"

என் லாரி டிரைவர்கள் ரத்தம் கொடுக்கக் கை நீட்டினார்கள்; பிழைத்தேன். துப்பாக்கி தூக்கியவர்களைவிட ஓடிப்போனவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.